தெளிந்த வட்டத்தின் வழியே

ஈஸ்ட் ஹாம், லண்டன்

ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடை திறந்ததும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. நான் தங்கியிருந்தது ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில். காலையில் இடியப்பம், சொதி, சம்பல். பரிமாறிக்கொண்டே வீட்டுக்காரத் தங்கை கேட்டாள்: "பென்சிலின் கண்டுபிடிச்ச அறையைப் பாக்கவோ அக்கா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

அதற்கு மட்டும் இல்லை என்றேன். நோயாளியின் ரத்தத்திலும் சிறுநீரிலும் சீழிலும் இருந்து எடுத்த கிருமிக்கு எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்று சோதித்துச் சொல்வதுதான் என் பணிக்காலம் முழுவதும் நான் செய்த வேலை. எங்கள் ஆய்வகங்களில் அதைக் 'கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி' என்போம். அந்த வேலை எங்கே பிறந்தது, அதன் அளவுகோலை இப்போது எங்கே வைத்துத் தீட்டுகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

அவளுக்கு வேறொரு குறை இருந்தது. மகனுக்குத் தொண்டை நோவு. "டொக்டர் பாத்திட்டுப் பரசிட்டமோல் குடுங்கோ எண்டு அனுப்பிப்போட்டார். அன்ரிபயோட்டிக் கேட்டன், இது வைரஸ், தர ஏலாது எண்டிட்டார். பிறகு ஊரிலயிருந்து வந்த ஆக்கள் கொண்டந்ததில ரெண்டு நாள் குடுத்தன். சுகமாயிட்டுது. மிச்சம் அலுமாரிக்குள்ள கிடக்கு."

வைரஸ் தொண்டைவலி தானாகவே அடங்கியிருக்கும், அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தாயும் கையில் இருப்பதைத்தான் எடுப்பாள். அவளிடம் கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் அலமாரி வரைகூடப் போக வேண்டாம், தெருமுனை மருந்துக்கடை போதும். 2013-இல் இந்திய அரசு எச்-1 என்ற பட்டியலைக் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டில்லாமல் பல ஆன்டிபயாடிக்குகளை விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. நாலு மாத்திரை மட்டும் கத்தரித்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். கொடுப்பவர்களையும் பார்க்கிறேன்.

ப்ரேட் தெரு, பெடிங்டன்

பெடிங்டன் ரயில் நிலையத்தை ஒட்டிய ப்ரேட் தெருவில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் செங்கல் கட்டடம். மாடிப்படி ஏறினால் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் சிறிய அறை, 1928-இல் இருந்தபடியே மீட்டமைத்து அருங்காட்சியகமாக வைக்கப்பட்டிருக்கிறது. சன்னலோரம் ஒரு மேசை, நுண்ணோக்கி, அடுக்கிய கண்ணாடி பிளேட்டுகள். இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்குச் சின்ன இடம்.

கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து வந்தார், ஒரு பிளேட்டில் பூஞ்சை விழுந்திருந்தது, அதைச் சுற்றி ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் கரைந்து போயிருந்தன. சன்னல் வழியாகப் பூஞ்சை பறந்து வந்தது என்பார்கள். கீழ்த்தளத்தில் பூஞ்சைகளை வளர்த்து ஆராய்ந்தவரின் அறையிலிருந்து அது மேலே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் அந்த பிளேட்டைவிட, அதற்கடுத்து அவர் செய்த ஒன்று. 1929-இல் வெளியான கட்டுரையில் அந்தச் சோதனையின் படம் இருக்கிறது. கிருமி வளர்க்கும் கூழான அகார் மேல் ஒரு வாய்க்கால் வெட்டி, பென்சிலின் கலந்த அகாரை அதில் ஊற்றி நிரப்பினார். வாய்க்காலுக்குக் குறுக்காக வெவ்வேறு கிருமிகளைக் கோடு கோடாக இழுத்தார். சில கிருமிகள் வாய்க்காலின் விளிம்பு வரை வளர்ந்தன. சில எட்டவே நின்றுவிட்டன. எது மருந்துக்கு அஞ்சுகிறது, எது அஞ்சவில்லை என்பதை ஒரே பிளேட்டில் கண்ணால் பார்த்துவிடலாம். நான் நாள்தோறும் செய்த சோதனையின் மூல வடிவம் அது.

ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அவருடைய அன்றைய நோக்கம் தெரிகிறது. சளியில் மண்டிக் கிடக்கும் பிற கிருமிகளை அடக்கிவிட்டு இன்ஃப்ளூயன்சா பேசில்லஸைத் தனியாகப் பிரித்தெடுக்கப் பென்சிலின் உதவும் என்பதையே அது முன்னிறுத்தியது. நோயாளிக்கு மருந்தாகும் முன்பே அது ஆய்வகத்தின் கருவியாகிவிட்டது.

அறையைக் காட்டிய தன்னார்வலர் ஓய்வுபெற்ற செவிலியர். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் மலர்ந்தது. "ராத்திரி ஷிஃப்டில் உங்கள் ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருப்போம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆக்ஸ்ஃபோர்டு

லண்டனின் இரைச்சல் கழிந்ததும் பசும்புல்லும் ஆற்று நீரும் கூடவே வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் கல் எல்லாம் தேன் நிறம். கவர்டு மார்க்கெட்டில் சூடான இறைச்சிப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகப் பூங்காவை அடுத்த சவுத் பார்க்ஸ் சாலைக்கு நடந்தேன். சர் வில்லியம் டன் நோயியல் பள்ளி அங்கேதான் இருக்கிறது. ஹோவார்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் பென்சிலினை மருந்தாக்கிய இடம்.

முதல் இருவரும் 1945-இல் ஃப்ளெமிங்குடன் நோபல் பரிசு பெற்றார்கள். ஹீட்லிக்கு இல்லை. நான் வந்தது ஹீட்லிக்காக.

பூஞ்சைச் சாற்றில் மருந்து இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. சுத்திகரிக்கும் ஒவ்வொரு படியிலும் அது மிஞ்சுகிறதா, தொலைகிறதா என்று தெரிந்தாக வேண்டும். ஹீட்லி ஒரு வழி கண்டார். அகார் முழுக்கக் கிருமியைப் பரப்பி, அதன் மேல் சின்னச் சின்னக் குழாய்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சாற்றை விட்டார். மறுநாள் குழாயைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம். வட்டம் பெரிதானால் சாற்றில் மருந்து அதிகம். விட்டத்தை அளந்தார். அப்படிப் பிறந்ததுதான் பென்சிலினை அளக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அலகு. அதற்கு அவர் கையாண்ட ஸ்டஃபைலோகாக்கஸ் இன்றும் 'ஆக்ஸ்ஃபோர்டு ஸ்டஃப்' என்ற பேரில் உலக ஆய்வகங்களில் உயிரோடிருக்கிறது.

மருத்துவமனை ஆய்வகம் இதை அப்படியே திருப்பிப் போட்டது. ஹீட்லியிடம் இருந்த கிருமி அவருக்குத் தெரிந்தது; அளக்க வேண்டியது மருந்தை. எங்களிடம் இருக்கும் மருந்தின் அளவு எங்களுக்குத் தெரியும். அளக்க வேண்டியது முன்பின் தெரியாத ஒரு நோயாளியின் கிருமியை. இரண்டுக்கும் வட்டம் ஒன்றே.

1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏற்றி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். ஹீட்லி ஆய்வகத்திலேயே விழித்திருந்தார். மருந்து பெறாத நான்கும் இரவுக்குள் செத்தன. மருந்து பெற்றவை பிழைத்திருந்ததைப் பார்த்துவிட்டு விடியலுக்கு முன் வீட்டுக்குக் கிளம்பினார். ஃபிரான்சில் ஆங்கிலப் படை கடற்கரையை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

முதல் நோயாளிகளில் ஒருவர் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலர். ரோஜா முள் கீறியதால் வந்த தொற்று என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். குண்டுவீச்சில் பட்ட காயம் என்பது பின்னாளில் அவருடைய மகள் சொல்லித் தெரிந்தது. முகமெல்லாம் சீழ் கட்டி ஒரு கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. 1941 பிப்ரவரி 12 அன்று ராட்க்ளிஃப் மருத்துவமனையில் ஊசி போடத் தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கியது, சாப்பிட்டார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரைச் சைக்கிளில் டன் பள்ளிக்குக் கொண்டுபோய், அதில் வெளியேறிய பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி ஊசியில் ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15 அன்று இறந்தார். அந்த மருத்துவமனை இன்று பல்கலைக்கழகக் கட்டடமாகிவிட்டது. வாசலில் மாணவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். போதிய அளவு கிடைக்காமல் ஓர் உயிர் போன மருந்தை நாம் இன்று டன் கணக்கில் கோழிக்கும் தலைவலிக்கும் கொட்டுகிறோம் என்ற நினைப்பில் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

இன்னொன்றும் அங்கே உறுத்தியது. அந்தக் காவலருக்கு முதல் ஊசி போடுவதற்கு முன்பே, 1940 டிசம்பரில், ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் ஆபிரகாமும் செயினும் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதிவிட்டார்கள்: பென்சிலினை அழிக்கும் நொதி ஒன்று கிருமிகளிடம் இருக்கிறது. மருந்து எல்லாக் கிருமிக்கும் பலிக்காது என்பது சிகிச்சை தொடங்கும் முன்பே தெரிந்திருந்தது.

மாக்டலென் பாலத்தருகே, தாவரவியல் பூங்காவின் முன்னால், பென்சிலின் ஆய்வாளர்களின் நினைவாக ஒரு ரோஜாத் தோட்டம். ஜூன் மாதம் ஆதலால் பூத்துக் குலுங்கியது. கல்லில் ஹீட்லியின் பெயரும் இருக்கிறது. 1990-இல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் போனது அதன் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. ஆய்வகத்தில் பிளேட் ஊற்றி, அளந்து, எழுதிவைக்கும் எங்கள் கூட்டத்துக்கே கிடைத்த மரியாதையாக அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஸோல்னா

ஸ்டாக்ஹோமில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே கிடந்தது. 1945 டிசம்பரில் இந்நகரில் ஆற்றிய நோபல் உரையில் ஃப்ளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டைவலிக்கு ஒருவர் தானாகப் பென்சிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. மருந்து பலிக்காமல் அவர் இறக்கிறார். ஈஸ்ட் ஹாம் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது.

நகரை ஒட்டிய ஸோல்னாவில் கரோலின்ஸ்கா நிறுவனம் இருக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாவர், கெர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் மருந்தேற்றிய காகித டிஸ்க்கைச் சுற்றி வட்டம் அளக்கும் சோதனைக்கு ஒரே சீரான முறை வகுத்தார்கள். தமிழ்நாட்டில் பிளேட் பிடித்த எவரும் கெர்பி-பாவர் என்ற பெயரை அறிவார்கள். அதற்கு முன் ஊருக்கொரு முறை. ஓர் ஆய்வகம் பலிக்கும் என்றதை அடுத்த ஆய்வகம் பலிக்காது என்றது. கரோலின்ஸ்காவின் ஹான்ஸ் எரிக்சனும் சியாட்டிலின் ஷெரிஸும் பல நாட்டு ஆய்வகங்களைச் சேர்த்து இதை ஆராய்ந்து 1971-இல் அறிக்கை தந்தார்கள்.

ஸ்வீடனுக்கும் நமக்கும் இதில் ஒரு வலிக்கும் உறவு உண்டு. 2008-இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பினார். அவருடைய சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லா கிருமி, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளுக்கே அசைந்து கொடுக்கவில்லை. அதிலிருந்த நொதிக்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். முதல் இரண்டு எழுத்துகளும் நியூ டெல்லியைக் குறிப்பவை. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகளில் அது இருந்தது. நம் நாட்டில் பெயரைக் குறித்துப் பெரிய சண்டை நடந்தது. பெயருக்குக் காட்டிய கோபத்தில் பாதியையாவது ஆய்வகங்களைச் சீர்செய்வதில் காட்டியிருக்கலாம் என்பது என் ஆற்றாமை.

வெக்ஷோ, ஸ்மோலாந்து

தெற்கே போகப் போக ஊசியிலைக் காடுகள், இடையிடையே ஏரிகள், சிவப்பு மர வீடுகள், வயலோரமெல்லாம் கல் சுவர்கள். மண்ணில் புதைந்த கற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெடுத்து அடுக்கிய சுவர்கள் அவை. இந்த மண் சோறு போடாததால் 19-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். வெக்ஷோவில் அவர்களுக்கென்றே ஓர் இல்லம் இருக்கிறது. இரட்டைக் கூம்புக் கோபுரம் வைத்த தேவாலயம், கண்ணாடிக் கலைக்கான அருங்காட்சியகம், நடுவே ஓர் ஏரி. அமைதியான சின்ன ஊர். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ் பள்ளியில் படித்தது இங்கேதான்.

ஏரிக்கரையில் உள்ள மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில்தான் யூகாஸ்ட் அமைப்பின் மேம்பாட்டு ஆய்வகம் இருக்கிறது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை மில்லிமீட்டர் வட்டம் தந்தால் பலிக்கும் என்று ஐரோப்பாவுக்கு வரையறுத்துச் சொல்லும் அமைப்பு யூகாஸ்ட். வெக்ஷோவின் குன்னார் கால்மெட்டர் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். அட்டவணைகளை எவரும் காசில்லாமல் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏழை நாட்டு ஆய்வகங்களுக்கு இது பெரிய கொடை.

எனக்குச் சுற்றிக்காட்டிய பெண், வயதில் என் மகளைப் போன்றவர். தலைக்கு மேல் பொருத்திய விளக்கின் கீழ் அவர் பிளேட் படிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கறுப்புப் பின்னணியில் பிளேட்டைப் பிடித்து, கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, வெறும் கண்ணால் விளிம்பைப் பார்த்து அளந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் கிருமியை உப்பு நீரில் கரைத்து, மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து, மூலர்-ஹின்டன் அகாரில் பஞ்சுக் குச்சியால் இடைவெளியில்லாமல் பூச வேண்டும். மருந்தேற்றிய காகித டிஸ்க்குகளை அதன் மேல் வைக்க வேண்டும். ஈரத் துணியில் சொட்டிய சலவை நீலம் போல மருந்து டிஸ்க்கிலிருந்து அகாருக்குள் பரவும். விலக விலக அடர்த்தி குறையும். கிருமியும் இன்னொரு பக்கம் பெருகிக்கொண்டே வரும். எந்த இடத்தில் மருந்து போதாமல் கிருமி வெல்கிறதோ அங்கே விளிம்பு விழும். 35 டிகிரியில் 18 மணி நேரம் கழித்து அதை அளக்கிறோம்.

இதில் எது பிசகினாலும் விளிம்பு நகரும். அகாரின் தடிமன் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கரைசலைக் கலக்கிய 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும், பூசிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க், டிஸ்க் வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டர். சுவரில் எழுதி வைக்காமலே அங்கே எல்லோர் கையும் அந்தக் கணக்கில் இயங்கியது. ஒன்பது நிறுவனங்களின் டிஸ்க்குகளை இங்குள்ளவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில் தரம் ஒன்றுபோல் இல்லை என்று தெரிந்து, அதை வெளிப்படையாக எழுதினார்கள். மே மாதத்து மின்வெட்டில் டிஸ்க் டப்பா வியர்த்து நிற்பதைப் பார்த்திருக்கும் எனக்கு அதைக் கேட்டதும் வயிறு கலங்கியது.

அகார் காய்ச்சும் அறையில் ஒரு மணம். அகார் கடற்பாசியிலிருந்து வருவது. 1881 வாக்கில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, தன் சமையலில் பயன்படுத்திய அகாரைக் கணவரிடம் சொல்ல, அவர் வழியாக அது ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குப் போனது. மன்னார் வளைகுடாவில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதும் அகாருக்காகத்தான். இதைச் சொன்னபோது அந்தப் பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பல கேள்விகள் கேட்டார்.

நானும் கேட்டேன். ரிப்போர்ட்டில் 'ஐ', அதாவது இடைநிலை, என்று வந்தால் எங்கள் மருத்துவர்கள் அந்த மருந்தையே ஒதுக்கிவிட்டுக் கார்பபெனத்துக்குத் தாவுகிறார்களே?

"இங்கேயும் அப்படித்தான் இருந்தது" என்றார். அதனால்தான் 2019-இல் அதன் பொருளையே மாற்றினார்கள். இப்போது 'ஐ' என்றால், மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தால் பலிக்கும் என்று அர்த்தம். ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் கிருமி தெரிந்ததும் அதிலிருந்தே நேராகப் பிளேட்டில் பூசி, 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கும் முறையையும் இங்கிருந்தே வகுத்திருக்கிறார்கள். டிஸ்க், பிளேட், அளவுகோல் மட்டும் போதும். ரத்தத்தில் நஞ்சேறிக் கிடப்பவருக்கு ஒரு நாள் முன்னதாகச் சரியான மருந்து கிடைத்தால் உயிர் மிஞ்சும். விலையுயர்ந்த எந்திரம் வந்தால்தான் முடியும் என்று நம் ஊரில் சொல்லப்படும் சாக்குக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் 'ஃபீகா'. ஏலக்காய் மணக்கும் ரொட்டிச் சுருளும் கறுப்புக் காபியும். இயக்குநரும் பாத்திரம் கழுவுபவரும் ஒரே மேசை. அந்தப் பெண் இயக்குநரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். தவறு நேர்ந்தால் மேலே சொல்வதற்கு அங்கே யாரும் தயங்க மாட்டார்கள் என்று அந்த மேசையில் புரிந்தது. எங்கள் பக்கம், அளவு சரியில்லை என்று துறைத்தலைவரிடம் சொல்ல ஓர் இளம் டெக்னீஷியனுக்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

என்னுடையதைப் போன்ற ஓர் ஆய்வகத்துக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தயங்கவே இல்லை: "கண்ட்ரோல் ஸ்ட்ரெய்ன் போடுவேன்." ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 என்ற எண்ணுள்ள கிருமி எல்லா நாட்டிலும் ஒன்றே. அதற்கு எதிராக ஜென்டாமைசின் டிஸ்க் 19 முதல் 26 மில்லிமீட்டருக்குள் வட்டம் தர வேண்டும். தந்தால் நம் பிளேட்டை நம்பலாம். தராவிட்டால் அன்றைக்கு எந்த நோயாளியின் ரிப்போர்ட்டும் வெளியே போகக்கூடாது.

மாலையில், உருளைக்கிழங்கு மாவுக்குள் வெங்காயமும் பன்றியிறைச்சியும் வைத்து வேகவைத்த க்ரோப்காக்காவும் அதற்குத் தொட்டுக்கொள்ள லிங்கன்பெரிக் கூழும் வந்தன. புளிப்பும் உப்பும் நன்றாகச் சேர்ந்தன. சாப்பிட்டு முடிந்ததும் பொறுக்க முடியாமல், ஊரில் நான் பயிற்சி கொடுத்த பையனைப் போனில் கூப்பிட்டேன். இப்போது ஒரு மாவட்ட ஆய்வகத்தில் அவன் பொறுப்பில்தான் பிளேட்டுகள். அங்கே நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, கண்ட்ரோல் கடைசியா எப்பப் போட்டீங்க?"

"போன மாசம் மேடம். டிஸ்க் இன்டென்ட் இன்னும் வரல, பழைய டப்பாதான் ஓடுது."

"நாளைக்குப் போடுங்க. ஜென்டா எத்தனைன்னு எனக்குச் சொல்லுங்க."

அடுத்த நாள் பிளேட் போட்டு, அதற்கு மறுநாள் காலை கூப்பிட்டான். "மேடம், ரெண்டு தரம் அளந்துட்டேன். பதினாறுதான் வருது."

டிஸ்க் வீரியம் இழந்திருக்கும், அல்லது அகார் தடித்திருக்கும். எதுவானாலும் வட்டம் சுருங்கியிருக்கிறது. பலிக்கும் மருந்தைப் பலிக்காது என்று எழுதியிருப்பார்கள். நோயாளிக்கு அதைவிடப் பெரிய ஊசி போயிருக்கும்.

"அப்ப இந்த மாசம் போன ரிப்போர்ட்டெல்லாம், மேடம்?"

"கிருமியை எடுத்து வெச்சிருக்கீங்கல்ல? இன்னும் வார்டுல படுத்திருக்கிறவங்க பேரை முதல்ல எழுதுங்க. புது டிஸ்க் நான் வாங்கி அனுப்பச் சொல்றேன். கண்ட்ரோல் 19-க்கு மேல வந்ததும் அவங்களோடதைத் திரும்பப் போடுங்க. டாக்டர்கிட்ட இன்னைக்கே நேர்ல போய்ச் சொல்லுங்க, போன்ல வேண்டாம்."